இரண்டாவது கிளாஸ்

கமலவேணி யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்கிற பெண் இல்லை. மற்றவர்களுக்குச் சொல்கிற பெண். மலாக்கா புக்கிட் ரம்பாயில் பர்னிச்சர் பேக்டரி வாசலில் வடையும் கறிபாப்பும் போட்டு விற்கத் தொடங்கிய நாளிலிருந்து, எண்ணெய் எவ்வளவு காய வேண்டும் என்பது தொடங்கி யார் வீட்டுப் பெண்ணுக்கு எந்த மாப்பிள்ளை ஒத்துவரும் என்பது வரை எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் தயாராக இருந்தது. அக்கம்பக்கமே அவளைக் கேட்டுக்கொண்டுதான் அடுப்பு பற்ற வைக்கும். அப்பேர்ப்பட்ட மனுஷி வாயைத் திறந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லையே, என்ன செய்ய!

அவள் புருஷன் தம்புசாமி அதே பேக்டரியில் ஜாகா. கேட்டைத் திறந்து லோரியை உள்ளே விட்டு, கேட்டை மூடுகிற வேலை. ரப்பர் எஸ்டேட்டில் பால் வெட்டிய காலத்திலேயே அதிகம் பேசாத ஆள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் கொஞ்சப் பேச்சையும் பெண்டாட்டி கையில் ஒப்படைத்துவிட்டார். அவருக்குச் சீனி வியாதி வந்து பல வருஷமாகிவிட்டது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் இனிப்புப் பால் டின்னைக் கவிழ்த்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினார். போன வருஷம் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், சிறுநீரகம் பாதிக்கு மேல் பழுதாகிவிட்டது என்றார். மிச்சம் இருப்பதைப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றினால் மெஷினில் படுக்காமலே பல வருஷம் ஓட்டலாம், விட்டால் மெஷின்தான் என்றும் சொன்னார். மெஷின் என்றால் ரத்தத்தை வெளியே எடுத்துச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுகிற மெஷின். பேக்டரியில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் அதில் படுத்து எழுந்து, படுத்து எழுந்து, கடைசியில் எழாமலே போனதை இருவரும் பார்த்திருந்தார்கள்.

"என் உசுரு இருக்கிற வரைக்கும் இவர அந்த மெஷின்ல படுக்க விடமாட்டேன்" என்று கமலவேணி கிளினிக் வராந்தாவிலேயே சொன்னாள்.

அன்றைக்கே நோயாளிகளையும் அவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்களையும் ஓர் அறையில் உட்கார வைத்து, எதைச் சாப்பிடலாம், எதைத் தொடவே கூடாது என்று மிஸ்ஸி ஒருத்தி சுவரில் படம் காட்டிப் பேசினாள். நர்ஸை இந்தப் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். மலாயில் நிதானமாக, ஒவ்வொன்றாகத்தான் சொன்னாள். உப்பு, சீனி என்ற இரண்டையும் கேட்டவுடனேயே கமலவேணிக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. பக்கத்து நாற்காலியில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்த ஒரு அம்மாள் மிரள மிரள விழித்துக்கொண்டிருந்தாள். கமலவேணி அவள் பக்கம் சாய்ந்து, வெந்தயத்தை முளைகட்டிக் கஞ்சி காய்ச்சுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். தம்புசாமியோ, வேணி கேட்டுக்கொண்டால் போதும் என்று குளுகுளு காற்றில் கண்ணை மூடிவிட்டார். முடிவில் மிஸ்ஸி, "புதுசா எது செஞ்சு குடுக்கிறதா இருந்தாலும் எங்களுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்குங்க" என்று சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். கமலவேணியும் ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்த கையோடு சமையலறையைச் சுத்தம் செய்தாள் பாருங்கள், பூகம்பம்தான்! பால் டின், மைலோ, சிராப் பாட்டில், பாக்கெட் மீ, ஊறுகாய் எல்லாம் வாசலுக்கு வந்தன. மகள் அகல்யா தஞ்சோங் கிளிங்கில் ஒரு ஹோட்டலில் வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"மா, சிராப் என்னோடது மா. எனக்கு என்ன வியாதி?"

"வந்த பெறகு தூக்கிப் போடுறதுக்கு வராமயே தூக்கிப் போட்டுறலாம்."

"மைலோவாச்சும் விடுங்களேன் லா."

"கேழ்வரகு வறுத்து அரைச்சுத் தாரேன், கலக்கிக் குடி. மைலோவுக்கு அப்பன் அது."

அன்று முதல் அந்த வீட்டில் எண்ணெய்ச் சட்டி காலை வியாபாரத்துக்கு மட்டும்தான். விடியும்போது பேக்டரிக்காரர்களுக்கு வடை சுடுவாள். சுட்டு முடித்து, கையைக் கழுவி, புருஷனுக்குக் கேழ்வரகுக் கூழ் கரைப்பாள். பத்து மணிப் பசிக்கு உப்பில்லாமல் அவித்த கடலை. மத்தியானம் எலுமிச்சம்புல்லைத் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர். சாயங்காலம் ஆவியில் வெந்த சிவப்பரிசிக் கொழுக்கட்டை, நடுவில் வெல்லத்துக்குப் பதில் துருவிய தேங்காய் மட்டும். கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துப் புதிது புதிதாகச் செய்தாள். வடைச் சட்டியில் இரைகிற எண்ணெயைப் பார்த்துக்கொண்டே தம்புசாமி கூழைக் குடிப்பார்.

"ஊருக்கெல்லாம் வட சுட்டுப் போடுற. எனக்கு மட்டும் மாட்டுத் தீனி."

"ஊரு எப்படிப் போனா எனக்கென்ன? நீங்க இருக்கணும்ல."

அவர் கூழைக் குடித்துவிட்டுச் சைக்கிளை எடுப்பார்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது சீனி இறங்கியிருந்தது. இரத்த அழுத்தமும் இறங்கியிருந்தது. டாக்டர் சிரித்து, "பாகுஸ், ஆன்ட்டி. இப்படியே பார்த்துக்குங்க" என்றார். அவ்வளவுதான், கமலவேணியின் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து வரிசைச் சாந்தி முதல் பேக்டரி கிளார்க் பெண் வரைக்கும் அவளிடம் வந்து கூழும் கஞ்சியும் கேட்டுக்கொண்டு போனார்கள். கேட்ட எல்லாருக்கும் அவள் "சீனிக்கு நல்லது" என்று மட்டும் சொன்னாள். சிறுநீரக விஷயத்தை வெளியே விடவில்லை. பெண்ணுக்கு வரன் பார்க்கிற வீடு, அப்பனுக்குப் பெரிய வியாதி என்று பேச்சு கிளம்பினால் நல்லதா என்பது அவள் கணக்கு.

இந்த வருஷம் வெயில் சகிக்க முடியவில்லை. மலாக்காவில் மழை என்ற ஒன்று இருந்ததையே மறந்துவிட்டோம். தார் ரோட்டில் செருப்பு ஒட்டியது. ஜாகா கொட்டகை தகரக் கூரை. தம்புசாமி அதற்குள் உட்கார்ந்து வெந்து, சட்டை முதுகில் உப்புப் பூக்க வீட்டுக்கு வருவார். உடம்பு சூடு ஏறிவிட்டது, குளிர்ச்சியாக ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று கமலவேணிக்கு அதே யோசனை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் மக்சிக் ரொக்கியா வேலிக்கு மேலே ஒரு வாளியை நீட்டினாள். வாளி நிறையப் பெலிம்பிங். குறுக்கே வெட்டினால் நட்சத்திரம் போல் விழுமே, அந்தப் பழம். அவள் வீட்டு மரம் காய்த்துக் கொட்டியது. "அம்பில் லா, வேணி. எடுத்துக்கோ, எங்க வீட்டுல தின்ன ஆளில்ல" என்றாள். தங்க நிறத்தில் பழுத்த பழம். மருந்து அடிக்காதது, மரத்தில் பழுத்தது, கடையில் வாங்காதது. கமலவேணிக்கு இதைவிட என்ன வேண்டும்!

பழங்களைக் கழுவினாள். விளிம்புகளை மெல்லச் சீவினாள். விதை எடுத்து, துண்டு போட்டு, ஒரு துண்டு இஞ்சியும் கொஞ்சம் புதினாவும் சேர்த்து அரைத்து, துணியில் வடிகட்டினாள். சீனி இல்லை, உப்பு இல்லை. இளமஞ்சள் நிறத்தில் நுரை கட்டி நின்றது. பெரிய ஜாடியில் ஊற்றி ஐஸ் பெட்டியில் வைத்தாள். ஒரு கணம் மிஸ்ஸியின் போன் நம்பர் மனதில் வந்ததாம். பழத்துக்குப் போய் போன் போட்டால் சிரிப்பாளே என்று விட்டுவிட்டாளாம். இதை அவளே பிறகு அகல்யாவிடம் சொல்லி அழுதாள்.

தம்புசாமி சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். மத்தியானச் சோறு இறங்கவில்லை என்று போகணியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்திருந்தார். வெறும் வயிறு. கமலவேணி பெரிய கிளாஸில் விளிம்பு தட்ட ஊற்றி நீட்டினாள்.

இரண்டு மடக்கு குடித்தவர் முகத்தைச் சுளித்தார். "புளிக்குது புள்ள. போதும்."

"குடிங்க. சூடு எறங்கணும்ல."

"பாதி குடிச்சிட்டேன்ல."

"மிச்சத்த யாரு குடிக்கிறது? நான் என்ன எனக்கா போட்டேன்?"

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவர் முன்னாலேயே நின்றாள். பள்ளிக்கூடத்தில் மருந்து கொடுக்கிற டீச்சர் நிற்பதைப் போல நின்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தார். காலியான கிளாஸை வாங்கிக்கொண்டபோது அவளுக்கு எவ்வளவு திருப்தி! அந்தத் திருப்தியை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு வயிறு எரிகிறது.

விளக்கு வைக்கிற நேரத்தில் அவருக்கு விக்கல் பிடித்தது. முதலில் யாரும் கண்டுகொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தபோதும் நிற்கவில்லை. அகல்யாதான் ஆரம்பித்தாள்.

"அப்பா, யாரோ ஒங்கள நெனைக்கிறாங்க. பேரச் சொல்லுங்க, நின்னுரும்."

"யாரு நெனைக்கப் போறா என்ன?" என்றார், விக்கலோடு.

"இருசம்மா அத்தையா?"

விக்கல் நிற்கவில்லை.

"ஒங்க மேனேஜரா? நீங்க தூங்குனத கேமராவுல பாத்துட்டாரா?"

அதற்கும் நிற்கவில்லை. கமலவேணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அது யாருன்னு எனக்குத் தெரியும்டி. எஸ்டேட்டுல இவரு கூட பால் வெட்டுன பச்சப் பாவாடைக்காரி. இன்னும் மறக்கல போலருக்கு!"

தம்புசாமியும் சிரித்தார். சிரிப்பும் விக்கலுமாகத் தோள் குலுங்கியது. மூன்று பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. உள்ளே விஷம் ஏறிக்கொண்டிருக்கிறது, வெளியே பச்சைப் பாவாடையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். யாருக்குத் தெரியும்?

விக்கல் வந்தால் மூச்சை அடக்கி மடக்கு மடக்காக எதையாவது குடிப்பதுதானே நம் வழக்கம். கமலவேணி எழுந்து போனாள். பெட்டியில் ஜாடி கண்ணில் பட்டது. குளிர்ச்சியாக இருக்கிறது, நல்லதும்கூட என்று அதையே கிளாஸில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"வேணாம் புள்ள. வயிறு என்னமோ மாதிரி இருக்கு."

"அதான் சூடுங்கிறது. மூக்கப் பிடிச்சுக்குங்க, மூச்சு விடாம குடிங்க. ம்... குடிங்க."

இரண்டாவது கிளாஸையும் அவர் குடித்தார். விக்கல் கொஞ்சம் ஓய்ந்த மாதிரி இருந்தது. "பாத்தீங்களா?" என்றாள் கமலவேணி. பிறகு அது மறுபடியும் தொடங்கி, விடிய விடிய அவரை உலுக்கியது.

காலையில் வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தவள், வெளிச்சம் வந்தும் அவர் எழவில்லையே என்று போய்ப் பார்த்தாள். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். விக்கல் இருந்தது. கண் எங்கேயோ இருந்தது.

"என்னாங்க, வேலைக்கு நேரமாச்சு."

"பால் வாளி எங்க?" என்றார். "மண்டோரு வந்துருவாரு. வாளிய எடுத்தா, ஆத்தா."

எஸ்டேட்டையும் அந்தக் கங்காணி மண்டோரையும் விட்டு எத்தனையோ வருஷம். அவருடைய ஆத்தா செத்தும் அத்தனை வருஷம். கமலவேணி "அகல்யா!" என்று கத்திய கத்தில் ரொக்கியாகூட ஓடி வந்துவிட்டாள். அகல்யா காரை எடுப்பதற்குள் அவருக்குக் கையும் காலும் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. மாவு கிரைண்டர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் நம் தமிழ்ப் பெண் ஒருத்திதான் டாக்டர். சின்ன வயசு. எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவள், விக்கல் என்றதும் எழுதுவதை நிறுத்தினாள்.

"ஆன்ட்டி, அங்கிள் பெலிம்பிங் ஏதும் சாப்பிட்டாரா?"

கமலவேணிக்கு ஒன்றும் புரியவில்லை. "சாப்பிடல மா. ஜூஸ் போட்டுக் குடுத்தேன்."

"எவ்ளோ?"

"ஒரு கிளாஸ். அப்புறம் விக்கலு நிக்கலன்னு இன்னொரு கிளாஸ்."

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அங்கிருந்த மிஸ்ஸியிடம் வேகமாக ஏதோ சொல்லிவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நல்ல கிட்னி உள்ளவங்க அளவா சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது ஆன்ட்டி. கிட்னி போனவங்களுக்கு அந்தப் பழம் விஷம். வெளிய தள்ள முடியாம மூளைக்கு ஏறிடும். விக்கல்தான் மொத அடையாளம். கிளினிக்ல சொல்லியிருப்பாங்களே? படமே காட்டுவாங்களே?"

காட்டியிருப்பார்கள். சுவரில் அந்த நட்சத்திரம் விழுந்திருக்கும். மேலே சிவப்பில் பெருக்கல் குறிகூடப் போட்டிருக்கும். அந்த நேரம் கமலவேணி சிம்பாங் அம்பாட் அம்மாளுக்கு வெந்தயம் முளைகட்டச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தரையிலேயே உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டாள். "என் வாயி... என் வாயி..." என்று அடித்துக்கொண்டாள். அகல்யா கையைப் பிடித்து இழுத்தும் அவளால் நிறுத்த முடியவில்லை.

உடனடியாக மெஷினில் போட்டார்கள். எந்த மெஷினில் படுக்க விடமாட்டேன் என்று சொன்னாளோ, அதிலேதான். நான்கைந்து நாள் யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்தார். பிறகு ஒரு நாள் அகல்யாவைப் பார்த்து, "வேலைக்குப் போகலியா?" என்று கேட்டார். உயிர் வந்துவிட்டது. ஆனால் மிச்சம் இருந்த சிறுநீரகம் வரவில்லை. இனிமேல் ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெஷினுக்குப் போக வேண்டும், சாகிற வரைக்கும். ஜாகா வேலை போயிற்று. குடிக்கிற தண்ணீரும் அளவுதான். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கோடு போட்ட பாட்டிலில் நிரப்பி வைத்து, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

கமலவேணி வடைக் கடையை மூடிவிட்டாள். சாந்தி ஒரு நாள் ஏதோ கஞ்சிக்குப் பக்குவம் கேட்டு வந்தபோது, "எனக்குத் தெரியாது" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தையைச் சாந்தி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாளாம்.

அவர் வீடு திரும்பிய வாரத்தில் இருசம்மாள் வந்தாள். தம்புசாமியின் அக்கா, அவரைத் தூக்கி வளர்த்தவள். சிம்பாங் அம்பாட்டுக்கு அப்பால் மகனோடு இருக்கிறாள். முழங்கால் வலியோடு பஸ் மாறி வந்து, தம்பியின் கையில் குழாய் செருகிய வீக்கத்தைப் பார்த்து ஒரு பாடு அழுதாள். அழுது முடித்து, முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அந்தப் பழத்த எதுக்குடா தின்ன, கூறு கெட்டவனே? யாரு குடுத்தா?"

தேத்தண்ணி கலக்கித் தட்டில் எடுத்துக்கொண்டு வந்த கமலவேணி சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தம்புசாமி திரும்பிப் பார்க்கவே இல்லை. "யாரும் குடுக்கல கா. வேலி ஓரமா பழுத்துத் தொங்குச்சு. வெயிலு வேற. ஆச தாங்கல. பறிச்சுத் தின்னுட்டேன். இவளுக்குத் தெரியாது."

"அட பாவி! பொண்டாட்டிக்காரி கூழு காச்சி, கஞ்சி காச்சி, கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுப் பாக்குறா. நீ திருட்டுத்தனமா மேஞ்சிருக்கியே! இவள நெனச்சியாடா நீ?"

கமலவேணியால் பொறுக்க முடியவில்லை. தட்டைக் கீழே வைத்தாள்.

"அண்ணி, அவரு பொய் சொல்றாரு. நான்தான் குடுத்தேன். ஜூஸு போட்டுக் குடுத்தேன். புளிக்குது, வேணாம்னாரு. நின்னு குடிக்க வெச்சேன். விக்கலு வந்தப்ப மறுபடியும் ஒரு கிளாஸ் குடுத்தேன். அப்பவும் வேணாம்னாரு."

இருசம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். கமலவேணி அறை விழும் என்றுதான் நினைத்தாள். விழுந்தால் நல்லது என்றும் நினைத்தாள். கிழவி அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்துச் சொடுக்கு முறித்தாள்.

"பாத்தியாடா? பாத்தியா? புருசன நாலு பேரு பேசிறக் கூடாதுன்னு பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்குறா. இந்தக் காலத்துல யாருடா இப்படி இருப்பா?"

"இல்ல அண்ணி. சத்தியமா..."

"சத்தியம் பண்ணாத தாயி. பொய்ச் சத்தியம் வீட்டுக்கு ஆகாது. எனக்குத் தெரியாதா ஒன்னப் பத்தி?"

கமலவேணி புருஷனைப் பார்த்தாள். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் சத்தம் இல்லை. இருசம்மாள் உட்கார்ந்து, தேத்தண்ணியை எடுத்து நிம்மதியாகக் குடித்தாள்.

"என் மருமகளுக்கும் சீனி வந்துருச்சு வேணி. நீ காச்சுறியே அந்தக் கூழு, அத எப்படின்னு சொல்லிக் குடேன். ஒன் கைப்பக்குவம் யாருக்கு வரும்?"

"கிளினிக்குல கேட்டுச் செய்யச் சொல்லுங்க அண்ணி" என்றாள் கமலவேணி. "என்னைக் கேக்காதீங்க."

பஸ் ஏறுகிற நேரம் வரைக்கும் இருசம்மாள் அவளைப் புகழ்ந்துகொண்டே இருந்தாள். வாசலில் செருப்பு மாட்டும்போதும் தம்பியைப் பார்த்து, "இவ காலுல விழுந்து கும்புடுறா" என்றாள். அவள் தெருமுனை திரும்பியதும் கமலவேணி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"அக்கா வாயி தெரியாதா ஒனக்கு? நீ சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டும்."

"சொல்லிக் காட்டட்டும். நான் செஞ்சதுதானே."

"நீ வேணும்னா செஞ்ச? விடு புள்ள. எனக்காகத்தான செஞ்ச" என்றார். சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமினார். "நாக்கு வறண்டு போச்சு. அளவு மிச்சம் இருக்கா?"

இருந்தது. கோடு போட்ட பாட்டிலிலிருந்து சின்ன டம்ளரில் பார்த்து ஊற்றி, கொண்டுவந்து நீட்டினாள். அவர் வாங்கினார். வாய்க்குக் கொண்டு போனவர், உதட்டில் வைப்பதற்கு முன்னால், டம்ளருக்குள் ஒருமுறை பார்த்தார்.

வேண்டுமென்று பார்க்கவில்லை. கண் தானாகப் போயிற்று. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் கொடுத்ததை அவர் ஒரு நாளும் அப்படிப் பார்த்ததில்லை. தலையை நிமிர்த்தியபோது அவள் தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டார். அவர் முகம் செத்துப் போயிற்று. அவசர அவசரமாக ஒரே மூச்சில் குடித்துவிட்டு, காலி டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"நல்லாருக்கு புள்ள" என்றார்.

கொதிக்க வைத்து ஆற்றிய வெறும் தண்ணீர்தான் அது.